மூக்குக்குப் பழகிய கூரை

ஒதில் கஸ்தேரா முட்டை உடைப்பதைப் பார்த்தவர்களுக்கு அப்புறம் தங்கள் வீட்டில் முட்டை உடைக்கவே கூச்சமாக இருக்கும். வாளி விளிம்பில் ஒரு தட்டு தட்டுவாள். இரண்டு ஓடுகளுக்கிடையே கரு ஒருமுறை புரளும். வெள்ளை இடதுபக்க வாளியில் இறங்கிவிடும். மஞ்சள் துளியும் சிதறாமல் வலதுபக்கப் பாத்திரத்தில் போய் உட்காரும். ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்வாள். எதிர் முக்காலியில் அதே வேலைக்கு உட்கார்ந்திருந்த என் அம்மா ஜோசியான், மஞ்சளைக் கிழித்துவிட்டு வாய்க்குள் திட்டிக்கொண்டிருக்கும்போது ஒதில் அடுத்த அட்டைக்குக் கை நீட்டியிருப்பாள்.

பிராஸ்காசான் ஒயின் மாளிகையில் பனிக்காலம்தோறும் இந்த வேலை உண்டு. பீப்பாய்க்கு ஐந்தாறு வெள்ளைக்கரு. லேசாக அடித்து ஊற்றினால் அது ஒயினுக்குள் மெல்ல இறங்கும். இறங்கும்போது கலங்கலையெல்லாம் தன்னோடு அடிக்கு இழுத்துக்கொண்டு போகும். அதன் பிறகு வசந்தம் எட்டிப் பார்க்கும்வரை பீப்பாயை யாரும் தொடக்கூடாது. வெள்ளைக்கரு மாளிகைக்கு, மஞ்சள்கரு உடைத்தவளுக்கு. இது யாரும் எழுதிவைக்காத, யாரும் மீறாத கணக்கு. அந்த மஞ்சளில்தான் ஒதில் கனலே சுடுவாள். வெளியே கருகினாற்போல மொறுமொறுவென்றும், உள்ளே களி போல மெதுமெதுவென்றும், ரம் வாசனையோடு இருக்கும் சின்னச் சின்ன கேக்குகள். ஜனவரியில் வரும் புனித வின்சென்ட் திருநாளன்று தேவாலயத்தில் பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் எல்லோரும் கூடும்போது முதலில் காலியாவது அவளுடைய தட்டுதான்.

அந்த வருடம் அவள் தட்டு காலியாகாமலே திரும்பி வந்தது.

பிராஸ்காசானின் கதையை எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. போர்தோ துறைமுகத்தில் சர்க்கரை விற்றுக் கொழுத்த ஒருவன், ஜிரோந்த் ஆற்றைப் பார்த்திருந்த கூழாங்கல் மேட்டை வாங்கினான். கம்பு விதைத்தால் கூட முளைக்காத மேடு. ஆற்றைப் பார்க்கிற திராட்சைக்கொடிதான் நல்ல ஒயின் தரும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அவன் அதை நம்பினான். புரட்சியில் அவன் பேரனின் தலை போயிற்று, கொடிகள் பிழைத்தன. நூறு வருடம் கழித்து, கொடியின் வேரைத் தின்கிற வேர்ப்பேன் வந்தது. தலைகள் பிழைத்தன, கொடிகள் போயின. அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டி மறுபடி நட்டார்கள். கபெர்னே திராட்சை நிறைய, மெர்லோ திராட்சை கொஞ்சம். அந்த ஒயின் இளமையில் முரட்டுப் பயல். இருபது வருடம் படுக்கப் போட்டால் தேவதாரு மரமும் புகையிலையும் மணக்கிற பெரிய மனுஷன்.

உலகப்போரில் ஜெர்மன்காரர்கள் மாளிகையில் வந்து தங்கியபோது, பீப்பாய்கள் வைக்கும் மதுக்கூடத்துக்கு அன்றைய மேஸ்திரி நிலவறையின் பின்பாதியைச் சுவர் எழுப்பி மறைத்தார். புதுச்சுவர் என்று தெரியாமலிருக்க அதில் மோர் பூசிப் பாசி பிடிக்க வைத்தார். அந்தச் சுவருக்குப் பின்னால் வேர்ப்பேன் வருவதற்கு முந்தைய கொடிகளின் ஒயின் இருந்தது. ஆயிரத்து எண்ணூற்று எழுபதாம் வருடத்துப் புட்டிகள். அந்தக் கொடிகள் இனி உலகத்தில் எங்கும் கிடையாது. அந்த மேஸ்திரியின் மகன்தான் லியோன்ஸ். ஒதிலின் கணவன். அப்பாவுக்குப் பிறகு அவனே மேஸ்திரி. நிலவறைச் சாவி அவன் இடுப்பில், தூங்கும்போது தலையணைக்கடியில்.

லியோன்ஸ் குட்டை ஆள், கழுத்து கிடையாது, மூக்கு உண்டு. பீப்பாயின் தக்கையைத் தளர்த்தி ஒருமுறை குனிந்தால், அது எந்தத் திடலின் பழம், அறுத்த அன்று மழை தூறியதா என்பதுவரை சொல்வான். "மேஸ்திரி மூக்கை இன்ஷூர் பண்ணணும், மிச்ச உடம்பை ஆத்துல போட்டாலும் நஷ்டமில்ல" என்பது கூடத்து ஆட்களின் கேலி. அவனே அதற்கு முதலில் சிரிப்பான்.

கூரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய மதுக்கூடத்து உத்தரங்களில் வண்டு விழுந்திருந்தது. அமைதியான மத்தியானங்களில் மரத்துக்குள் அது கடிக்கிற சத்தம் கேட்கும். லியோன்ஸ்தான் முதலாளி முசியே எமெரிக்கிடம் போய்ப் புதுக்கூரை கேட்டான். நல்ல மரமாக இழைத்து, இனி எந்தப் பூச்சியும் கிட்டே வராதபடி மருந்தில் முக்கி எடுத்துப் போட்டார்கள். கதவிடுக்கு, சன்னலிடுக்கு எல்லாவற்றையும் அடைத்தார்கள். குளிர்ச்சிக்கு மெஷின் வந்தது. முன்பெல்லாம் துணி துவைக்கும் கல்தொட்டிக் கொட்டகையில், காற்றில் விரல் விறைக்க நடந்த முட்டை வேலைகூடப் புதுக்கூடத்து வழவழப்பான தரைக்கு வந்தது. "இனிமே என் அனுமதி இல்லாம ஒரு கொசு உள்ள வர முடியாது" என்று லியோன்ஸ் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

காற்றும் உள்ளே வர முடியாது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

பிராஸ்காசானில் இன்னொரு பழக்கமும் உண்டு. விற்பனைக்குப் போகும்வரை ஒயின் கூடத்துக் கதவைத் தாண்டாது. தரகரானாலும் லண்டன் வியாபாரியானாலும் உள்ளே வந்துதான் ருசிக்க வேண்டும். அடுத்தவன் ஒயினும் உள்ளே வரக்கூடாது. கூடத்து ஆட்கள் முன்பகலில் சேர்ந்து ருசிப்பதும் அங்கேயேதான், அவரவர் கண்ணாடிக் கோப்பையில். பெருமைக்காக முப்பாட்டன் காலத்தில் வைத்த சட்டம். அதனால் அந்த ஒயினை வேறொரு காற்றில் வைத்து முகர்ந்து பார்த்தவர் ஊரில் ஒருவர்கூட இல்லை.

புதுக்கூரை போட்டதிலிருந்து தரகர்கள் கொஞ்சமாகப் பேசினார்கள். ஒருவர் கோப்பையை வெகுநேரம் சுழற்றிவிட்டு, "இந்த வருஷத்து ஒயின் இன்னும் வாய் திறக்கலை" என்றார். அடுத்த வருடமும் அதையே சொன்னார். லண்டனிலிருந்து வந்தவர் ஒயினை விட்டுவிட்டுக் கூரையைப் பற்றி நெடுநேரம் பாராட்டிப் பேசிவிட்டுப் போனார். லியோன்ஸுக்கு அதில் சந்தோஷம்.

அந்த வருடத் திருநாளன்று மண்டபத்தில் நடந்தது இது. கறிக்கடை ரெமோந்த் ஒரு கனலேயை எடுத்துக் கடித்தாள். மென்றாள். மெல்வதை நிறுத்தினாள். மிச்சத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே, ஊர் கேட்கச் சொன்னாள்:

"ஏன் ஒதில், கனலேயை நனைஞ்ச பேப்பர்ல சுத்தியா வெச்சிருந்த?"

"என்னடி சொல்ற?"

"ஒண்ணுமில்லம்மா. போன வருஷமே கேக்கணும்னு நெனச்சேன். மேஸ்திரி பொண்டாட்டியாச்சேன்னு விட்டுட்டேன்."

நாலுபேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் கனலே தட்டுப் பக்கம் வரவில்லை. கூடத்து ஆட்கள் மட்டும் வந்து ஆளுக்கு மூன்று எடுத்துத் தின்றார்கள். "அவளுக்குப் பொறாமை ஒதில், நல்லாத்தான் இருக்கு." அவர்கள் பொய் சொல்லவில்லை. அதை நினைத்துத்தான் ஒதிலுக்குப் பிற்பாடு உடம்பு சிலிர்த்தது.

அவள் முதலில் மாவைச் சந்தேகப்பட்டாள். மாவை மாற்றினாள். ரம் மாற்றினாள். வனிலா, வெண்ணெய், தேன்மெழுகு தடவிய செம்பு அச்சு எல்லாவற்றையும் மாற்றினாள். வாடை போகவில்லை. ஈரம் காயுமுன் மடித்து அலமாரியில் வைத்த துணியின் வாடை. மழையில் ஊறிய அட்டைப்பெட்டியின் வாடை. அது நாக்கில் இல்லை, விழுங்கிய பிறகு மூக்கின் பின்பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடைசியில் மாற்றாமல் மிச்சமிருந்தது முட்டைதான்.

ஒரே பண்ணை முட்டையில் பாதியை வீட்டில் உடைத்தாள். பாதியைக் கூடத்தில் உடைத்து, வழக்கம்போல மஞ்சளைத் துணி மூடி, வேலை முடியும்வரை உத்தரத்துக்குக் கீழே வைத்திருந்து கொண்டுவந்தாள். இரண்டையும் தனித்தனியாகச் சுட்டாள். என் அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா முதல் தட்டில் ஒன்று எடுத்துத் தின்றாள், இன்னொன்று கேட்டாள். இரண்டாவது தட்டில் எடுத்ததை எழுந்துபோய்க் குப்பையில் துப்பினாள்.

"இது எங்கே உடைச்சது?"

"நாம ரெண்டு பேரும் உக்காந்திருந்தோமே, அங்கதான்."

முட்டை மஞ்சள் கொழுப்புள்ள பொருள். பக்கத்தில் வைத்ததையெல்லாம் குடித்துக்கொள்ளும். கூடத்தில் அதன் பக்கத்தில் இருந்தது காற்று ஒன்றுதான். அதே காற்றில் முந்நூறு பீப்பாய் ஒயின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒதில் இரண்டு தட்டையும் லியோன்ஸின் முன் வைத்தாள். அவன் இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்தான். நிதானமாகத் தின்றான். ஒயின் ருசிக்கும்போது செய்வதுபோலக் கண்ணை மூடிக்கொண்டான்.

"ரெண்டும் நல்லாருக்கு."

"எது இன்னும் நல்லாருக்கு?"

அவன் இரண்டாவது தட்டைக் காட்டினான். "இதுல கொஞ்சம் ஆழம் இருக்கு."

ஒதில் இரண்டு தட்டையும் ஒதுக்கி வைத்தாள். பிறகு சொன்னாள். கூடத்தில் ஏதோ நாறுகிறது என்றாள். மரமோ, மருந்தோ, தெரியவில்லை, ஆனால் நாறுகிறது. உனக்கும் உன் ஆட்களுக்கும் அது பழகிப்போய்விட்டது என்றாள்.

லியோன்ஸ் சத்தம் போடவில்லை. அவன் கோபம் அப்படித்தான், குரல் இறங்கும்.

"ஒதில், இந்த வீட்டுல அடுப்பு எரியறது என் மூக்கால. எங்கப்பன் மூக்கு, அவனோட அப்பன் மூக்கு. ரெமோந்த் சொன்னாள்னு என் மூக்கை என்கிட்டயே கேள்வி கேக்கறியா?"

"ரெமோந்த் சொல்லலை. ஜோசியானும் துப்பினா."

"உன் கை கெட்டுப்போச்சு. வயசாவுது. அதை ஒத்துக்க மனசில்ல."

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டான். கனலே அவமானம் ஒதிலுக்கு அந்த நிமிடமே மறந்து போயிற்று. அவள் நினைப்பெல்லாம் மார்ச்சில் வரப்போகும் புனித யோசேப்பு திருநாளில் நின்றது.

கால் நூற்றாண்டுக்கு ஒருமுறை நிலவறைப் புட்டிகளுக்குத் தக்கை மாற்றுவார்கள். பழைய தக்கை இற்றுப்போகும், ஒயின் குறையும். புட்டியைத் திறந்து மேஸ்திரி ஒரு துளி ருசிப்பான். நன்றாக இருந்தால் அதே வருடத்துப் புட்டி ஒன்றைப் பலிகொடுத்து மற்றவற்றை நிரப்பி, வருடம் பொறித்த புதுத்தக்கை அடிப்பார்கள். அந்த வருடம் யோசேப்பு நாளில், வெளிநாட்டு விருந்தாளிகளின் முன்னிலையில் அது நடக்க வேண்டும். லியோன்ஸ் மேஸ்திரியாக இருக்கும் காலத்தில் ஒரேமுறை வருகிற வேலை. போர்க்காலத்துச் சுவர் நின்ற அந்த நிலவறை மட்டும் புதுக்கூரைக்கு எட்டாத ஆழத்தில் இருந்தது. அந்தப் புட்டிகள் இன்னும் சுத்தம். ஆனால் தக்கை மாற்றப் போவது மேலே, நல்ல வெளிச்சத்தில், புதுக்கூடத்தில். புதுத்தக்கை மூட்டைகள் இலையுதிர் காலத்திலிருந்தே அங்கே, அந்த உத்தரங்களுக்கு நேர்கீழே, சாக்கில் கிடந்தன. மஞ்சள் கரு ஒரே பகலில் குடித்ததை அவை மாதக்கணக்கில் குடித்துக்கொண்டிருந்தன. அவற்றை எழுபதாம் வருடத்துப் புட்டியின் வாயில் அடித்தால் அவ்வளவுதான். கொடியும் போய்விட்டது, கடைசி ஒயினும் போய்விடும். அடித்த கை லியோன்ஸுடையதாக இருக்கும்.

"முதலாளிகிட்ட போய்ச் சொல்லேன்" என்றாள் அம்மா.

"என்னன்னு? உங்க மேஸ்திரிக்கு மூக்கில்லைன்னு அவன் பொண்டாட்டியே வந்து சொல்றதா? அதுக்கப்புறம் அவன் எந்தக் கூடத்துல நிப்பான்?"

"அப்ப என்னதான் செய்யப் போற?"

"அவனே சொல்லணும். அவன் மூக்கே சொல்லணும்."

மறுநாள் லியோன்ஸிடம் அவள் ஒரு பந்தயம் வைத்தாள். சூலாக் கடற்கரையில் அவள் தங்கை வீடு குளிர்காலம் முழுக்கப் பூட்டியே கிடக்கும். அங்கே வந்து இருக்க வேண்டும், யோசேப்பு நாளுக்கு முந்தின நாள்வரை. திரும்பி வந்து கூடத்துக்குள் நுழையும்போது அவனுக்கு நாறினால் அவனே முதலாளியிடம் சொல்ல வேண்டும். ஒன்றும் நாறாவிட்டால், அவள் பங்கு மண்டபத்தில் ஊரார் முன்னால் நின்று தன் கைதான் கெட்டுப்போயிற்று என்று சொல்லிவிட்டு, அதன்பின் வாழ்நாளில் கனலே சுடுவதில்லை.

"மேஸ்திரி கூடத்தை விட்டுப் போனா பீப்பாய் அழும்னு எங்கப்பா சொல்வாரு."

"அழட்டும். முட்டை போட்ட பீப்பாயை நீயே தொடக்கூடாது. பக்கத்துல உக்காந்து தாலாட்டா பாடப் போற?"

"குளிர்காலத்துல கடலுக்குப் போறவன் பைத்தியக்காரன்."

"தோத்துடுவேன்னு பயமா இருந்தா அதைச் சொல்லு."

அவன் பெட்டியை எடுத்துக் காரில் வைத்தான். வேலைச் சட்டையைப் பழக்கத்தில் டிக்கிக்குள் எறிந்தான். அதைப் பார்த்தும் ஒதில் ஒன்றும் சொல்லவில்லை.

சூலாக்கில் முதல் சில நாள் அவன் கூண்டுக்குள் விட்ட நரியைப் போலத் திரிந்தான். கடலுக்குப் போவான், வருவான், சாவியைத் தடவிப் பார்ப்பான். மேற்கிலிருந்து காற்று ஓயாமல் அடித்தது. மணல் கதவடியில் வந்து குவிந்தது. மூலைக் காப்பிக்கடையைத் தவிர ஊரில் ஆளில்லை, மூடிய சன்னல்கள் வரிசையாக நின்றன. ஒருநாள் காலை அவன் வாசலில் நின்றுகொண்டு, "பைன் மரத்துல பிசின் எடுக்கறாங்களா?" என்று கேட்டான். யாரும் எடுக்கவில்லை. மரங்கள் எப்போதும்போலத்தான் மணந்தன. அவனுக்கு அன்றுதான் எட்டியிருந்தது.

அதற்கடுத்து மீன். பிறகு அடுப்புக் கரி. ஒருநாள் முகம் கழுவிவிட்டு வந்த ஒதிலின் பக்கத்தில் நின்றவன் சட்டென்று திரும்பினான்.

"நீ சோப்பை மாத்திட்டியா?"

"இல்லையே."

"இது வேற வாசனை. லவெண்டர்."

"லியோன்ஸ், கூரை போடறதுக்கு முன்னாடியிருந்தே நான் இந்தச் சோப்புதான் போடறேன்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். பந்தயத்தில் தான் ஜெயிப்பது ஒதிலுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. சாப்பிடும்போது அவன் ஒவ்வொரு கவளத்தையும் முதலில் மூக்கருகே கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமும் கூட இருந்தவளின் வாசனையே தெரியாமல் ஒருவன் எப்படி இருந்தான், அப்படியானால் அந்தப் பீப்பாய்களில் எதை முகர்ந்துவிட்டுத் தலையாட்டினான் என்று அவனே தன்னைக் கேட்டுக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது.

மழை வந்த ஒரு பிற்பகலில் குடை எடுக்கக் கார் டிக்கியைத் திறந்தான். திறந்த வேகத்தில் பின்வாங்கினான்.

"ஒதில், இதுக்குள்ள எதுவோ செத்துக் கிடக்கு."

அவள் வந்து பார்த்தாள். உள்ளே குடையும் அவனுடைய வேலைச் சட்டையும் தவிர வேறெதுவும் இல்லை.

அவன் சட்டையைக் கையிலெடுத்தான். முகத்தில் வைத்தான். மழையில் அப்படியே நின்றான். நின்றவன் திரும்பாமலே கேட்டான்: "ரெண்டாவது தட்டு... நான் காட்டினேனே, அதுதானே?"

"அதுதான்."

அப்போதுதான் மூலைக் காப்பிக்கடைக்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். பிராஸ்காசானிலிருந்து போன் வந்திருந்தது. லண்டன், பிரஸ்ஸல்ஸ் விருந்தாளிகள் முன்னதாகவே வந்துவிட்டார்களாம். யோசேப்பு நாளுக்குக் காத்திருக்கவில்லையாம். மாளிகை இரும்புப் பெட்டியிலிருந்த இரண்டாவது சாவியில் நிலவறையைத் திறந்தாயிற்று. மேஸ்திரி வந்து சேர்ந்தால் நல்லது, வராவிட்டால் முசியேவே முதல் புட்டியைத் திறப்பார்.

லியோன்ஸ் பெட்டியைக்கூட எடுக்கவில்லை. சட்டையைச் சாலையோரப் பள்ளத்தில் எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். வழி நெடுக ஒதில் சன்னலை இறக்கியே வைத்திருந்தாள். இரண்டு பக்கமும் இலையில்லாத கொடிகள், முடிச்சு முடிச்சான கைகளை மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டு நின்றன. அவன் ஒரேமுறை வாயைத் திறந்தான்: "கூரையைக் கேட்டவன் நான்."

கூடத்துக் கதவைத் திறந்ததும் அது அவன் முகத்தில் வந்து மோதியது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான். உள்ளே வெள்ளை விரிப்புப் போட்ட நீள மேசை, விளக்குகள், நல்ல கோட்டு அணிந்த மனிதர்கள். கூடத்து ஆட்கள் துவைத்த மேலங்கியில் வரிசையாக நின்றார்கள். தக்கைச் சாக்கைப் பிரித்து ஒரு கூடையில் கொட்டியிருந்தார்கள். முசியே எமெரிக் எழுபதாம் வருடத்துப் புட்டியை நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். திருகாணி பழைய தக்கைக்குள் பாதி இறங்கியிருந்தது.

"வாங்க லியோன்ஸ். நல்ல நேரத்துக்கு வந்தீங்க."

"முசியே, அதை இழுக்காதீங்க."

"ஏன்?"

"வெளிய வாங்க, சொல்றேன்."

"விருந்தாளிங்க நிக்கறாங்க. எதுவானாலும் இங்கயே சொல்லுங்க."

லியோன்ஸ் ஒருமுறை கூரையை அண்ணாந்து பார்த்தான். "இந்தக் கூடம் நாறுது முசியே. ஒயினும் நாறுது. கூரை போட்டதுலேருந்து நாறுது. எனக்குத் தெரியாமப் போச்சு."

கூடத்து ஆட்களில் ஒருவன் சிரித்தான். "மேஸ்திரிக்குக் கடக்காத்து தலைக்கேறிடுச்சு." விருந்தாளிகள் யாரும் சிரிக்கவில்லை. ஒயின் வாய் திறக்கவில்லை என்று வருடாவருடம் சொன்ன தரகர் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார். முசியே எமெரிக் அவரைப் பார்த்தார். லண்டன்காரரைப் பார்த்தார். அவரும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

தரகர் தொண்டையைச் செருமினார். "நான்தான் நாசூக்கா சொல்லிட்டே இருந்தேனே, முசியே."

முதலாளி மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதை முகம் காட்டிக்கொடுத்தது. அவர் அலுவலக அறையும் அந்தக் கூரையின் கீழ்தான்.

லியோன்ஸ் போய் அவர் கையிலிருந்த புட்டியை வாங்கினான். திருகாணியை எதிர்ப்பக்கம் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தான். பழைய தக்கை இற்றுத்தான் இருந்தது, ஆனாலும் தாங்கியது. ஒதில் தக்கைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், துவைக்கும் தொட்டிப் பக்கத்துச் சேற்றில் கவிழ்த்தாள். அன்று மாலைக்குள் புட்டிகள் ஒவ்வொன்றாக நிலவறைக்குத் திரும்பின. லியோன்ஸ் கதவைப் பூட்டி, தன் சாவியை முதலாளியின் முன் மேசைமேல் வைத்தான். அவர் அதை எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

பிறகு போர்தோவிலிருந்து சோதனைக்காரர்கள் வந்தார்கள். பூச்சி மருந்தும் ஈரமும் பூஞ்சையும் சேர்ந்து பெற்ற பிள்ளைதான் அந்த நாற்றம். பெயர் மிக நீளம். பல்கலைக்கழகத்தில் அதை மூச்சு விடாமல் சொல்லக் கற்றுக்கொண்ட முதல் ஆள் எங்கள் தெருவில் நான்தான். மருத்துவமனைச் சுத்தத்துக்குப் போட்ட கூரைதான் அதைப் பெற்றது. பழைய கூடத்தில், வண்டு கடித்த உத்தரத்தின் கீழ், இடுக்கெல்லாம் காற்று வந்துகொண்டிருந்தவரை அது கிடையாது.

மாளிகை வெளியே சொன்னது வேறு. மேஸ்திரிக்கு மூக்கு போய்விட்டது, அதனால் சில பீப்பாய்களில் தவறு நேர்ந்தது, புது மேஸ்திரி வருகிறார் என்று சொன்னது. அதில் பாதி உண்மை. அதனால்தான் லியோன்ஸ் மறுக்கவில்லை. மாளிகை கொடுத்த வீட்டைவிட்டுத் தெருக்கோடியில் ஒதிலின் அம்மா வீட்டுக்குப் போனார்கள். கூரைக்குப் பிந்தைய வருடங்களின் ஒயின் மாளிகைப் பெயர் இல்லாமல் தொட்டி லாரிகளில் ஏறிப் போனது. எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. எழுபதாம் வருடத்துப் புட்டிகள் கீழே இருந்தன. ரெமோந்த் மட்டும் கடையில் கறி வெட்டிக்கொண்டே சொன்னாளாம்: "மூக்கில்லாத மேஸ்திரியும் நாக்கில்லாத பொண்டாட்டியும். நல்ல ஜோடி."

கோடையில் கூரையைப் பிரித்தார்கள். மரங்கள் முற்றத்தில் அடுக்கிக் கிடந்தன. எடுத்துப்போகிறவர் எடுத்துப் போகலாம் என்றது மாளிகை. இழைத்த மரம், வண்டு தொடாது, சும்மா கிடைக்கிறது. டிராக்டர்கள் வந்தன. ஒதில் அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய், "அதை எரிச்சிடுங்க, வீட்டுல ஏத்தாதீங்க" என்று சொன்னாள். எங்கள் வீட்டைத் தவிர வேறு யார் கேட்டார்கள்? நல்ல மரத்தை எரிக்கிறவன் ஊரில் உண்டா?

அடுத்த வின்சென்ட் திருநாளுக்கு ஒதில் தன் வீட்டு அடுக்களையில் முட்டை உடைத்துக் கனலே சுட்டாள். லியோன்ஸ் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துத் தட்டில் வைத்தான். காலையிலும் மாலையிலும் எதையாவது முகர்ந்துகொண்டே இருப்பது அவனுக்கு வழக்கமாகியிருந்தது: சோப்பு, வெங்காயம், நாயின் காது. பூசை முடிந்து இருவரும் மண்டபத்துக்குப் போனார்கள். ஊர் முழுக்க அங்கே இருந்தது. அடைமழைக் காலம் என்பதால் சன்னல்களை இறுகச் சாத்தியிருந்தார்கள். ரெமோந்தின் வாத்து ஈரல் தட்டைச் சுற்றிக் கூட்டம். காலையிலிருந்து மண்டபத்திலேயே இருந்த தட்டு. எல்லோரும் தின்றார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள்.

லியோன்ஸ் ஒரு துண்டு ரொட்டியில் தடவி வாயருகே கொண்டுபோனான். கை நின்றது. ரொட்டியை மேசைமேல் வைத்தான். ஒதிலைப் பார்த்தான். இருவரும் ஒரே நேரத்தில் அண்ணாந்தார்கள்.

தலைக்கு மேலே, சுவருக்குச் சுவர், புதிதாக வார்னிஷ் அடித்த அதே உத்தரங்கள் வரிசையாகக் கிடந்தன.

"என்ன ஒதில், பிடிக்கலையா?" என்றாள் ரெமோந்த், வாயில் மென்றுகொண்டே.

ஒதில் கனலே தட்டைத் துணி போட்டு மூடினாள், இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள், மழை பெய்துகொண்டிருந்த வாசற்படியில் போய் நின்றாள். லியோன்ஸ் அவள் பக்கத்தில் வந்து நின்று கதவை விரியத் திறந்து பிடித்தான்.

"கதவைச் சாத்துங்கப்பா, குளிருது" என்று உள்ளேயிருந்து பல குரல்கள் கேட்டன.